எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது

சென்னையில் மார்கழிக் குளிர் என்று யாராவது சொன்னாலே எனக்கு எரிச்சல் வரும். விடியற்காலையில் மின்விசிறியை இரண்டு புள்ளி குறைக்கிற அளவுக்குத்தான் அது குளிர். அதற்கே மயிலாப்பூர் ஆண்கள் அத்தனை பேரும் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு, கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, பனிமலை ஏறப் புறப்பட்டவர்கள் மாதிரி பால் வாங்கப் போவார்கள். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். அவருடையது பழுப்பு நிறக் குல்லா, உச்சியில் ஒரு நூல்பந்து. போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முப்பத்தொரு பேர் சேர்ந்து நடந்த நடையில் அந்தக் குல்லாவையும் அதற்குள் இருந்த மனுஷனையும் தொலைத்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நடைக்கு ஏற்பாடு செய்தவர் எங்கள் மந்தைவெளி அடுக்ககத்தில் மேல்மாடிக்காரர். பதினைந்து வருடம் இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர். அங்கே குளிர்காலத்தில் இருபது முப்பது பேர் கூடி, ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்கு வயல் வழியாக நடப்பார்களாம். முழங்கால் வரை சேறு, புல் மேல் உறைபனி, வேலியைத் தாண்டுவதற்கு மரப்படி, போய்ச் சேர்ந்த இடத்தில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சூடான சூப். இதை லிஃப்ட் வரும்வரை சொல்லுவார். வந்த பிறகும் கதவைக் காலால் மறித்துக்கொண்டு சொல்லுவார். ஒரு நாள், "மயிலாப்பூரும் ஒரு காலத்துல கிராமம், திருவான்மியூரும் கிராமம். நடுவுல ஆறு. வேறென்ன மேடம் வேணும்?" என்று சொல்லி வாட்ஸ்அப்பில் குழு தொடங்கிவிட்டார். வயல் எங்கே சார் என்று கேட்டேன். "கற்பனை பண்ணிக்கணும்" என்றார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

நான் சேர்ந்தது வயலுக்காக இல்லை, என் வீட்டுக்காரருக்காக. அதற்கு எட்டு மாதம் முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் போயிருந்தன. கால் மெல்ல மெல்ல மீண்டுவிட்டது. மொட்டைமாடியில் தினமும் நாற்பது சுற்று நடப்பார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்தைந்து வருடம் புடவைப் பிரிவில் நின்றவர் அவர். வேண்டாம் என்று எழுந்து போகிறவர்களைப் பேச்சாலேயே திரும்ப உட்கார வைப்பார். எனக்கு முன்னாலேயே யார் யாரோ பெண்களிடம் "இந்தக் கலர் உங்களுக்காகவே நெய்ததும்மா" என்று சொல்லியிருக்கிறார், பாவி. அந்த வாயில் இப்போது ஒரு சொல் வருவதற்குள் நெற்றி நரம்பு புடைக்கும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அவர் வாயெடுத்தா நீங்க மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்கம்மா. அதுக்குள்ள நீங்க பேசக் கூடாது." நான் நாலைத் தாண்டியதே இல்லை. அவர் "த" என்பார், நான் தண்ணீரை நீட்டுவேன். "மா" என்பார், நான் மாத்திரையை எடுப்பேன். அவர் கேட்டது மாத்திரையா, மாடிச் சாவியா என்று யாருக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அதைப் பெரிய பணிவிடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சட்டைப்பைக்கு ஓர் அட்டையும் செய்து வைத்திருந்தேன். பெயர், முகவரி, என் தொலைபேசி எண், "இவருக்குப் பேச்சு வராது, தயவுசெய்து இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று ஒரு வரி. மழையில் நனையக் கூடாது என்று லேமினேஷன் வேறு. வெளியே கிளம்பும்போதெல்லாம் அதை நானே அவர் பையில் வைப்பேன். அவர் அப்போது சுவரைப் பார்ப்பார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்தேன்.

இன்னொன்றும் செய்தேன். நடைக்கு முதல் நாள் குழுவில் மேல்மாடிக்காரர் ஒரு விதி போட்டிருந்தார். கிளம்பும்போதும் நிற்கும் இடங்களிலும் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவாராம், 'இருக்கேன்' என்று பதில் சொல்ல வேண்டுமாம். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுத்தவள் நான். சுற்றுலா அழைத்துப் போனால் தலையை எண்ணாதே, பெயரைக் கூப்பிடு என்று புது டீச்சர்களை விரட்டியவள். அப்படிப்பட்ட நான் அன்று சாயங்காலம் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "சார், பேர் கூப்பிட வேணாம். அவரால பதில் சொல்ல முடியாது, எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. தலைய எண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரருக்குச் சங்கடமாக இருக்குமே என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் சங்கடம் எனக்குத்தான்.

ஐந்தரை மணிக்கு மயிலாப்பூர் கோயில் குளத்தங்கரையில் கூடினோம். மேல்மாடிக்காரர் கையில் இரண்டு ஊன்றுகோல், காலில் சேற்று பூட்ஸ். தார்ச்சாலையில் ஊன்றுகோல் டக் டக்கென்று சத்தம் போட்டது. தன்னையும் சேர்த்து முப்பத்தொன்று என்று எண்ணி முடித்தார். அங்கே இங்கிலாந்தில் 'கடைசி ஆள்' என்று ஒருவரை வைப்பார்களாம். எல்லாருக்கும் பின்னால் வருவதுதான் அவர் வேலை, அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அந்தப் பொறுப்பு வங்கியில் ஓய்வு பெற்ற ஒருவருக்குக் கிடைத்தது. அவருக்கு ஒரு மஞ்சள் மேல்சட்டையைக் கொடுத்தார்கள். கழுத்தில் பெரிய கேமரா தொங்கியது. அதையும் நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

மாட வீதியில் திரும்பியபோது எதிரே பஜனை கோஷ்டி வந்தது. ஜால்ரா, ஆர்மோனியம், இருபது இருபத்தைந்து ஆண்கள், அத்தனை தலையிலும் குல்லா. வீதியில் ஒரு பக்கம் கோலம், இன்னொரு பக்கம் வண்டிகள். நடுவில் இரண்டு கூட்டமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியே வந்தன. அந்த நேரம் என் கை என் வீட்டுக்காரர் முழங்கையில்தான் இருந்தது.

கச்சேரி ரோட்டில்தான் எனக்குக் கோபம் ஏற ஆரம்பித்தது. முன்னால் போகிறவர்கள் விறுவிறுவென்று போய் ஒரு முனையில் நிற்பார்கள். தண்ணீர் குடிப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், சுவரில் கை ஊன்றிக் காலை நீட்டி மடக்குவார்கள். நாங்கள் இருவரும் மெல்ல நடந்து அந்த முனைக்கு வந்து சேர்ந்ததும் மேல்மாடிக்காரர் கைதட்டி, "எல்லாரும் வந்தாச்சா, கிளம்பலாம்" என்பார். வேகமாக நடந்தவர்களுக்கு ஐந்து நிமிட ஓய்வு. ஓய்வு தேவைப்பட்டவருக்கு அரை நிமிடம்கூட இல்லை. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றாவது தடவை, "சார், நாங்க இப்பத்தான் வரோம்" என்றேன். "ரிதம் போயிடும் மேடம்" என்றார். என்ன ரிதம், என்ன கச்சேரியா நடக்கிறது என்று வாய்வரை வந்தது.

சாந்தோம் பெரிய சாலையில் திரும்பியதும் என் வீட்டுக்காரர் நின்றார். என் கையிலிருந்த ஃபிளாஸ்க் பையை இடது கையால் வாங்கித் தன் தோளில் மாட்டினார், என்னவோ யோசித்து மறுபடி என் தோளில் மாட்டிவிட்டார். பிறகு என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். நீ போ என்று அர்த்தம். நான் முடியாது என்றேன். மறுபடியும் தள்ளினார், கொஞ்சம் பலமாகவே. பின்னால் மஞ்சள் சட்டைக்காரர், "நான் பாத்துக்கறேன் மேடம், அதுக்குத்தானே இருக்கேன்" என்றார்.

போனேன். எதற்கு மறைக்க வேண்டும், சந்தோஷமாகத்தான் போனேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் கையை வீசி நடந்தேன். இரண்டு பெண்கள் எந்த சபா கேன்டீனில் இந்த வருஷம் அசோகா அல்வா நன்றாக இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டு போனார்கள், நானும் சண்டையில் சேர்ந்துகொண்டேன். கடல்காற்று முகத்தில் அடித்தது. பட்டினப்பாக்கம் வரைக்கும் நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டினப்பாக்கம் பேருந்து நிலையம் பக்கம் எல்லாரும் நின்றோம். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் சட்டையும் வந்து சேர்ந்தது. கடைசி ஆள் வந்துவிட்டார் என்றால் அவருக்கு முன்னால் எல்லாரும் வந்தாகிவிட்டது என்றுதானே அர்த்தம். மேல்மாடிக்காரர் ஊன்றுகோலை நீட்டி நீட்டி எண்ணினார். "முப்பத்தொண்ணு. கரெக்ட்." சுவர் ஓரமாக, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பழுப்புக் குல்லா நின்றது. நூல்பந்து தெரிந்தது. ஃபிளாஸ்க்கைத் திறந்து காப்பியை ஊற்றி, பின்னாலிருந்தே நீட்டினேன். "சூடா இருக்கு, மெல்ல" என்றேன்.

வலது கையால் வாங்கினார்.

ஒரு நொடி, சாமி கண் திறந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம் அந்த முகம் திரும்பியது. வெள்ளை மீசை. நெற்றியில் நாமம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "பேஷா இருக்கும்மா. நீங்க யாரு?" என்றார்.

பஜனை கோஷ்டிக்காரர். மாட வீதியில் கூட்டங்கள் கலந்தபோது மேல்மாடிக்காரர் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். "இங்கிலாந்துல பனி, சேறுன்னு ஆரம்பிச்சார். நிறுத்தினாத்தானே நான் கழண்டுக்க முடியும்? நடந்துண்டே கேட்டுண்டு வந்தேன். இங்க வந்து எண்ணினார். சரி, ஏதோ எண்ணறாளேன்னு நின்னேன்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. லிஃப்டில் நானும் அப்படித்தான் நிற்கிறேன்.

மேல்மாடிக்காரரிடம் போய், என் வீட்டுக்காரரைக் காணவில்லை என்றேன். அவர் சொன்ன பதிலைச் சாகும்வரை மறக்க மாட்டேன். "கவுண்ட் சரியா இருந்ததே மேடம்."

மஞ்சள் சட்டைக்காரர் தேவாலயக் கோபுரத்தில் வெயில் படுவதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாராம். நாலே நாலு படம்தானாம். நிமிர்ந்து பார்த்தபோது பக்கத்தில் யாரும் இல்லாததால் முன்னால் போய்விட்டார் என்று நினைத்துவிட்டாராம். மேல்மாடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டரைக்குத் திருவான்மியூர்ல டிபன் சொல்லியிருக்கேன். இத்தனை பேர நிறுத்தி வைக்க முடியாது. நீங்க பாத்துட்டு ஒரு ஆட்டோ பிடிச்சு வந்துடுங்க" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுத முடியாது. உங்கள் இங்கிலாந்துக் கிராமத்தில் வாய் பேச முடியாத ஒரு மனிதரை நடுரோட்டில் விட்டுவிட்டு இட்லி தின்னப் போவார்களா என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. அசோகாவுக்குச் சண்டை போட்ட இரண்டு பெண்களும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு டக் டக்கென்று ஊன்றுகோல் சத்தம் ஆற்றுப் பக்கம் போனது, அத்தனை பேரும் அதன் பின்னால் போனார்கள். பெரியவர் மட்டும் போகவில்லை. "என் மேலதானே தப்பு, அவரோட எடத்துல நின்னுட்டேனே" என்று என்னோடு திரும்பி நடந்தார்.

வந்த வழியே தேடிக்கொண்டு போனோம். பால் கடையில் கேட்டேன், தேவாலய வாசலில் பூ விற்கிறவளிடம் கேட்டேன், ஏ.டி.எம். காவலாளியிடம் கேட்டேன். எப்படி இருப்பாரு என்று எல்லாரும் கேட்டார்கள். பழுப்புக் குல்லா என்றேன். அங்கே இங்கே என்று ஆறு பேரைக் காட்டினார்கள். சட்டைப்பையில் அட்டை இருக்கிறது, யாராவது பார்த்தால் கூப்பிடுவார்கள் என்று தொலைபேசியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தேன். அது அடிக்கவே இல்லை. பேருந்துகள் இடித்துக்கொள்கிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. அவருக்குக் குறுக்கே வண்டி வந்தால் ஐயோ என்றுகூடச் சொல்ல வராது.

கடைசியில் தெரு பெருக்கும் ஒரு பெண்தான் சொன்னாள். "குல்லா போட்டவரா, ஒரு கைய இப்டி மடக்கிக்கினு? கடக்கரை சந்துல போனாரு. அப்பவே."

எட்டு மாதமாக வாய் திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர், பெண்டாட்டியை முன்னால் தள்ளி அனுப்பிவிட்டுத் தனியாகக் கடலுக்கு எதற்குப் போகிறார்? நான் நினைத்ததைத்தான் யாரும் நினைப்பார்கள். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினேன். பெரியவர் பின்னால் "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே வந்தார்.

கடற்கரைச் சாலையில் மீன் கடைகள் அப்போதுதான் கூடியிருந்தன. பலகை மேல் பலகையாக மீன். ஒரு கடைக்குப் பக்கத்தில், கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டி மேல் அவர் உட்கார்ந்திருந்தார். குல்லாவைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். இடது கையில் ஒரு பை, அதில் மீன். மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டில் மீன் சட்டி பரணுக்குப் போய்விடும், தைக்குத்தான் இறங்கும். அது அவருக்கும் தெரியும்.

உயிரோடு பார்த்த நிம்மதி எனக்குக் கோபமாகத்தான் வெளியே வந்தது. அத்தனை பேர் முன்னால் திட்டினேன். அறிவிருக்கா, மனுஷியைச் சாகடிக்கவா பார்க்கிறீங்க, வாய்தான் இல்லை, புத்தியும் போயிடுச்சா என்று கேட்டேன். கடைசியாகச் சொன்னதை இன்றைக்கும் விழுங்க முடியவில்லை.

மீன்காரப் பெண் கத்தியைக் கீழே வைத்தாள். "இன்னாத்துக்கும்மா அவர இப்டி திட்டுற? அவரு பாட்டுக்கு குந்திக்கினு கீறாரு."

"அவருக்குப் பேச வராதும்மா. வழியில தொலைஞ்சுட்டாரு."

"யார் சொன்னா வராதுன்னு? செவுளத் தூக்கித் தூக்கிப் பாத்தாரு, பழச எல்லாம் ஒதுக்கினாரு. இன்னா வோணும்ணேன்னு கேட்டேன். வாயத் தொறந்தாரு, வர்ல. சரி, வரும்போது வரட்டும்னு நான் பாட்டுக்கு வவ்வா மீன அறுத்துக்கினு இருந்தேன். நாலு பேருக்குப் போட்டுட்டுத் திரும்பினா, சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"சங்கரான்னாரு. நல்லாத்தான் சொன்னாரு. காதுல வுழுந்து எடுத்துப் போட்டேன்."

எட்டு மாதத்தில் ஒரு முழுச் சொல். அதை எனக்குச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறார், அதுவும் மீன் பெயரை. எனக்கு அழுகை வந்தது. அவள் மேல் பொறாமையும் வந்தது. நான் செய்யாத எதை அவள் செய்துவிட்டாள் என்று யோசித்தேன். அவள் ஒன்றுமே செய்யவில்லை, வேறு வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"அந்த அட்டையக் காட்டியிருந்தா இவங்க எனக்கு ஃபோன் பண்ணியிருப்பாங்க இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் சட்டைப்பையைத் தொட்டேன். பை காலியாக இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, என் தோளில் தொங்கிய ஃபிளாஸ்க் பையைப் பார்த்தார். அதன் பக்கவாட்டுப் பைக்குள் கை விட்டேன். அட்டை இருந்தது. சாந்தோமில் பையை வாங்கி மாட்டித் திருப்பிக் கொடுத்தாரே, அப்போது வைத்திருக்கிறார். அதை வைத்துவிட்டுத்தான் என்னைத் தள்ளியிருக்கிறார். அவர் தொலையவே இல்லை.

இத்தனை நேரம் மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு நின்ற பெரியவர், "கெடைச்சுட்டாரோன்னோ, போறும்மா. அழாதேங்கோ" என்றார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, தன் குல்லாவைத் தொட்டுக் காட்டி, "உங்க காப்பிய நான் சாப்டுட்டேன்" என்றார். இரண்டு பழுப்புக் குல்லாக்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. என் வீட்டுக்காரர் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டுதான் சிரித்தார்.

அட்டையைக் கிழிக்கப் பார்த்தேன். லேமினேஷன் கிழியவில்லை. பல்லால் கடித்தும் பார்த்தேன். பிறகு பேசாமல் பைக்குள்ளேயே போட்டேன்.

சாலைக்கு வந்து ஆட்டோவை நிறுத்தினேன். பெரியவரைக் கோயில் வாசலில் இறக்கிவிடுவதாகச் சொன்னேன், "நடந்தே போறேன், பழகிடுத்து" என்று போய்விட்டார். நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "எங்க சார் போணும்?" என்றார்.

மந்தைவெளி என்பது என் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நெற்றி நரம்பு புடைத்தது. "ம" என்றார். நான் எண்ண ஆரம்பித்தேன். நாலு வந்தது. ஐந்து வந்தது. கீழுதட்டைப் பல்லால் அழுத்திக்கொண்டேன். பின்னால் ஒரு வேன் ஒலி எழுப்பியது.

ஓட்டுநர் திரும்பி என்னைப் பார்த்தார். "அவருக்குத் தெரியாதா? நீயாச்சும் சொல்லும்மா, எங்கன்னு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. காலையிலிருந்து வந்த கோபங்களில் இது ஒன்றுதான் சரியான இடத்தில் வந்த கோபம்.

"வண்டிய ஆஃப் பண்ணுப்பா" என்றேன். "அவர் சொல்லுவார்."